அண்ணாச்சி பதில்கள்: சுவரில் எழுதியதும் வாயில் ஒட்டியதும்

இரண்டு இதழ்களுக்கு முன்னால், ‘உங்கள் வீட்டிலும் கடையிலும் அலுவலகத்திலும் புழங்குகிற தேர்தல் கோஷம் ஏதாவது இருந்தால் எழுதுங்கள்’ என்று கேட்டிருந்தேன். கடிதங்கள் குவிந்துவிட்டன. சுவரெழுத்துக்காரனிடம் கேட்கவேண்டிய சமாசாரம்தானே! எம்.ஜி.ஆர். எங்கள் அருப்புக்கோட்டையில் நின்ற 1977-இல் சுண்ணாம்பு வாளி தூக்க ஆரம்பித்தவன் நான். ஃபிளெக்ஸ் வரும்வரை எல்லாக் கட்சிக்கும் எழுதியிருக்கிறேன். ஆகவே ஒரு கட்சியைச் சொன்னேன், இன்னொன்றை விட்டேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். எல்லோரையும் கொஞ்சம் கொஞ்சம் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் ஆச்சியிடம் எது கேட்டாலும் ‘மூணு லட்சியம், ஒண்ணு நிச்சயம்’ என்பார். ஊருக்குப் போகும்போது முறுக்கு கேட்டாலும் இதே பதில். இது எங்கிருந்து வந்தது அண்ணாச்சி?
— கல்லூரி மாணவி, காரைக்குடி

ஆச்சி 1967-ஐ இன்னும் கையில் வைத்திருக்கிறார். அரிசிக்குத் திண்டாடிய காலம் அது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று தி.மு.க. பேசியது. நடக்கிற காரியமா என்று எதிர்த்தரப்பு கேட்டது. அதற்கு அண்ணா தந்த பதில்தான் ‘மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’. ஆட்சிக்கு வந்தபின் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி போடவும் செய்தார்கள். மாநிலம் முழுக்க அதைக் கொண்டுபோக முடியவில்லை.

எனக்கு அப்போது பத்து வயது. அப்பா தறிக்காரர். தீபாவளி நெருங்கினால் அம்மா பட்டியல் வாசிப்பார்: பெரியவனுக்குச் சட்டையும் டவுசரும், சின்னவளுக்குப் பாவாடை, தனக்கு ஒரு சுங்குடி. அப்பா தறிக்குழியிலிருந்து தலையைத் தூக்காமலே, “சட்டை லட்சியம், டவுசர் நிச்சயம்” என்பார். டவுசர் வந்துவிடும். சட்டைக்குப் பள்ளிக்கூடத்துச் சட்டையையே நீலம் போட்டுத் துவைத்து மாட்டிவிடுவார்கள்.

அந்த வாக்கியத்தின் சாமர்த்தியத்தைப் பாருங்கள். வாக்குறுதியும் தள்ளுபடியும் ஒரே மூச்சில் வந்துவிடுகின்றன. கேட்டவருக்கு முகம் வாடாது, சொன்னவருக்கும் கழுத்தில் கத்தி இல்லை. எங்கள் பக்கத்துக் கல்யாணப் பேச்சில், “பத்துப் பவுன் லட்சியம் மாமா, அஞ்சு பவுன் நிச்சயம்” என்று பெண்வீட்டார் சொல்லி, மாப்பிள்ளை வீட்டாரும் சிரித்துவிட்டுத் தாம்பூலம் மாற்றியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு நேரடியாக ‘அஞ்சுதான் முடியும்’ என்று சொல்லியிருந்தால் பந்தலில் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். உங்கள் ஆச்சி மூன்று முறுக்குக்கு ஆசை காட்டினால், ஒன்றை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

நான் டியூஷன் எடுப்பவன். பரீட்சைக்குப் படிக்காத பையன்களைத் திட்டினால் ‘படுத்துக்கிட்டே ஜெயிப்பேன் சார்’ என்கிறார்கள். இதன் பூர்வீகம் தெரிந்துதான் சொல்கிறார்களா?
— ஆசிரியர், விருதுநகர்

விருதுநகரிலிருந்தே இந்தக் கேள்வியா! அதே 1967 தேர்தல். காமராஜர் சொந்த ஊரில் நிற்கிறார். விபத்தில் அடிபட்டு, சுற்றுப்பயணம் போக முடியாமல் படுக்கையில் இருந்தார். ‘படுத்துக்கொண்டே ஜெயிப்பேன்’ என்று அவர் சொன்னதாக ஊரெல்லாம் பேச்சு. 1,285 ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார். ஜெயித்தவர் பெ. சீனிவாசன், மாணவர் தலைவராக இருந்த இளைஞர்.

எங்கள் தெருவில் அன்றைக்குக் காங்கிரஸ்காரர் வீடுகளில் அடுப்பு எரியவில்லை. ஆனாலும் அந்தப் பேச்சு அடங்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து வந்த நம்பிக்கைப் பேச்சு, கொஞ்ச காலத்தில் சோம்பேறிக்குப் பட்டப்பெயர் ஆகிவிட்டது. மத்தியானம் திண்ணையில் உருளுகிற மாப்பிள்ளையைப் பார்த்து மாமியார், “அவருக்கென்ன, படுத்துக்கிட்டே ஜெயிப்பாரு” என்பார். அதற்கு மேல் ஒரு வசவு தேவைப்படாது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். 1969-இல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் நின்று காமராஜர் ஜெயித்தார். அந்தத் தேர்தலில் கத்திய கோஷம் ஒன்றாவது யாருக்காவது நினைவிருக்கிறதா? ஜெயித்தவன் கோஷம் ஐந்து வருஷம் அரசாங்க விளம்பரத்தில் ஓடிச் சலித்துப்போகும். வீட்டுப் பேச்சில் தங்குவது பெரும்பாலும் சறுக்கின கோஷம்தான். ஜனங்களுக்குக் கிண்டல் செய்ய ஏதாவது கிடைக்க வேண்டும்.

1967 தேர்தலில் சின்னப் பையன்கள் நாங்கள் கத்தியது இன்னொன்று: ‘காமராஜர் அண்ணாச்சி, கடலைப் பருப்பு விலை என்னாச்சு? பக்தவத்சலம் அண்ணாச்சி, அரிசி விலை என்னாச்சு?’ எதுகை எங்களுக்குப் பிடித்தது, விலை யாருக்குத் தெரியும்? எங்கள் பக்கத்தில் மளிகைக்கடைக்காரர் எல்லோரும் அண்ணாச்சிதான். அதனால் கோஷம் நேராகக் கடைக்குப் போய்விட்டது. இன்றைக்கும் வயசாளிகள் கடை வாசலில் நின்று, “அண்ணாச்சி, துவரம்பருப்பு விலை என்னாச்சு?” என்று ராகம் போட்டுக் கேட்பார்கள். கல்லாவில் இருக்கிற பேரன் திருதிருவென்று விழிப்பான்.

ஒரே நாளில் இரண்டு கட்சிக்கும் எழுதியதுண்டா? கூச்சமாக இருக்காதா?
— வாசகர், தேனி

காலையில் சூரியன், சாயங்காலம் இலை. கூலி ஒன்றுதான். இலைக்குப் பச்சை அதிகம் பிடிக்கும் என்பதால் பெயின்ட் காசு மட்டும் தனி.

சில கோஷங்கள் மட்டும் ஏன் சட்டென்று வாயில் ஒட்டிக்கொள்கின்றன? எழுதியவர் என்ற முறையில் சொல்லுங்கள்.
— தமிழாசிரியை, திண்டுக்கல்

அம்மா, இலக்கணம் உங்கள் துறை. நான் சுவர் கணக்கைச் சொல்கிறேன்.

முதலில் சுவரைத் தேய்த்து, சுண்ணாம்பில் நீலம் கலந்து ஒரு பூச்சு. அது காய்ந்ததும், நூலில் காவிப்பொடி தடவி ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்து, நடுவில் ஒரு சுண்டு. கோடு நேராக விழும். மேலே ஒன்று, கீழே ஒன்று. அந்த இரண்டு கோட்டுக்குள் எத்தனை எழுத்து நிற்கும் என்று சாணால் அளந்து பிரிப்போம். பஸ்ஸில் போகிறவன் ஜன்னல் வழியாக ஒரு பார்வையில் படித்தாக வேண்டும். ஆறாவது சொல்லுக்குப் போவதற்குள் பஸ் சுவரைத் தாண்டிவிடும்.

1970-இல் திருச்சி மாநாட்டில் கலைஞர் அறிவித்த ஐம்பெரும் முழக்கங்களில் ஒன்று ‘மாநிலத்தில் சுயாட்சி, மத்தியிலே கூட்டாட்சி’. அரசியலில் கனமான பேச்சு. வளைவுக்கு அழகாக இருக்கும். ஆனால் டீக்கடையில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை, அதை வைத்து வீட்டில் யாரோடும் சண்டை போட முடியாதே! அண்ணாவின் ‘கடமை, கண்ணியம், கட்டுப்பாடு’ அப்படியல்ல. ஒரே எழுத்தில் மூன்று சொல். ஹாஸ்டல் வார்டன் முதல் கல்யாண சமையல் மேஸ்திரி வரை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் ஊர் மேஸ்திரி ஒருவர் வடை எண்ணிப் போடும்போது, “கடமை, கண்ணியம், கட்டுப்பாடு. ஆளுக்கு ஒண்ணு!” என்பார்.

இன்னொரு தினுசு, ஒரு சொல்லை உருவிவிட்டு நம்முடையதைச் செருகுவதற்கு இடம் விடுகிற கோஷம். அவசரநிலைக் காலத்தில், 1976 ஜனவரியில், தி.மு.க. ஆட்சியைக் கலைத்தது இந்திரா அரசு. அதே இந்திராவோடு 1980 தேர்தலுக்குக் கூட்டணி சேர்ந்தபோது கலைஞர் கொடுத்தது ‘நேருவின் மகளே வருக, நிலையான ஆட்சி தருக’. இதை எழுதி எழுதி என் கை சலித்தது. பிரசவத்துக்குத் தாய்வீடு போன மனைவி திரும்பி வந்த அன்று, எதிர்வீட்டு நண்பர் வாசற்கதவில் சாக்கட்டியால் எழுதி வைத்தார்: ‘மாமனார் மகளே வருக, மணக்கும் காபி தருக’. ஆரத்தி எடுத்த கையோடு அந்தம்மா முந்தானையால் அதை அழித்தார். காபி வந்ததா என்று கேட்காதீர்கள்.

எங்கள் கிளை மேலாளர் புதிதாக எதை அறிவித்தாலும் ஊழியர்கள் ‘மாற்றம், முன்னேற்றம்’ என்று சொல்லி அவர் பெயரைச் சேர்த்துச் சிரிக்கிறோம். அவருக்கும் தெரிந்துவிட்டது. கோபப்படுவாரோ?
— வங்கி ஊழியர், சேலம்

படமாட்டார், பட்டால் இன்னும் கொஞ்ச நாள் நீளும், அவ்வளவுதான்.

‘மாற்றம், முன்னேற்றம், அன்புமணி’ 2016 தேர்தலுக்காக பா.ம.க. செய்த விளம்பரம். கூட்டணி இல்லாமல், முதல்வர் வேட்பாளர் இவர்தான் என்று முகத்தைக் காட்டி, வெளிநாட்டு பாணியில் செய்தார்கள். தொழில்காரனாகச் சொல்கிறேன், கட்டமைப்பில் குறையே இல்லை. மூன்று சொல், மூன்றாவது சொல் ஆள் பெயர். கட்சிக்கு ஓரிடமும் கிடைக்கவில்லை. பென்னாகரத்தில் அவரும் தோற்றார். ஆனால் கோஷம் மட்டும் தமிழ்நாட்டில் நுழையாத வீடு இல்லை. புது மருமகள் வந்து சமையலறையில் டப்பாக்களை இடம் மாற்றினால் ‘மாற்றம், முன்னேற்றம், மருமகள்’. சலூன்காரர் புது நாற்காலி வாங்கினால் அவர் பெயர். மூன்றாவது கட்டம் காலியாக இருப்பதுதான் அதன் பலம். காசு கொடுத்து அச்சடித்த கட்சிக்கு ஓட்டாக வராதது ஊருக்குச் சிரிப்பாக வந்தது.

உங்கள் மேலாளர் கெட்டிக்காரராக இருந்தால், அடுத்த மீட்டிங்கில் அவரே முதலில் சொல்லிவிடுவார். அதோடு உங்களுக்கு அலுத்துப்போகும்.

‘செய்வீர்களா? நீங்கள் செய்வீர்களா?’ என்று நான் கேட்டால் ஐந்தாம் வகுப்பே எழுந்து நின்று ‘செய்வோம்’ என்கிறது. அந்தக் குழந்தைகள் ஜெயலலிதாவைப் பார்த்ததே இல்லை!
— ஆசிரியை, கோவில்பட்டி

டீச்சர், நீங்களே பரப்பிவிட்டுப் பிள்ளைகளைச் சொல்கிறீர்களே!

2014 மக்களவைத் தேர்தல் பிரசாரம் அது. ஹெலிகாப்டரில் வந்து இறங்குவார், எழுதி வைத்ததை நிதானமாக வாசிப்பார். கடைசியில், ‘செய்வீர்களா?’ என்று ஒரு நிறுத்தம். கூட்டம் கத்தும். போதாது. ‘நீங்கள் செய்வீர்களா?’ அந்த ‘நீங்கள்’ மேல் ஒரு அழுத்தம். ‘மோடியா, இந்த லேடியா?’ என்று கேட்டதும் அதே தேர்தலில்தான். 39 தொகுதியில் 37 அவர் கட்சிக்கு.

மேடையில் அது கட்டளை. வகுப்பறைக்குள் வந்தபோது விளையாட்டாகிவிட்டது. பெரியவர்கள் கேட்கிற கேள்விக்குப் பதில் ஏற்கெனவே தீர்மானமாகிவிட்டது என்பது பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். ‘வீட்டுப்பாடம் செய்வீர்களா?’ என்றால் கோரஸாகச் ‘செய்வோம்’ என்பார்கள். மறுநாள் நோட்டைத் திறந்து பார்த்தால்தான் யார் யார் செய்தார்கள் என்று தெரியும். தலைவர்களுக்கு அந்த நோட்டு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறைதான் கிடைக்கிறது.

எங்கள் அறையில் யாராவது கோபித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தால் ‘தர்மயுத்தம் ஆரம்பிச்சுட்டான்’ என்கிறார்கள். நானும் சொல்கிறேன். சரியான பிரயோகமா?
— பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்

மிகச் சரி. 2017 பிப்ரவரி 7 இரவு, ஓ. பன்னீர்செல்வம் மெரினாவில் ஜெயலலிதா நினைவிடத்தின் முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்தார். அவ்வளவு நேரம் ஒரு முதலமைச்சர் பேசாமல் இருந்ததைத் தமிழ்நாடு அன்றுதான் நேரலையில் பார்த்தது. எழுந்தவர் கட்சிக்குள் நடந்ததைச் சொன்னார். அதற்குத் தர்மயுத்தம் என்று பெயர் விழுந்தது. அதே ஆகஸ்டில் இரண்டு அணியும் இணைந்து, அவர் துணை முதல்வரானார்.

ஆகவே உங்கள் அறையில் இதைச் சரியாகச் செய்ய இரண்டு நிபந்தனைகள். உட்காருகிறவன் பேசக்கூடாது, ஆனால் எல்லோரும் பார்க்கிற இடத்தில் உட்கார வேண்டும். அப்புறம், ராத்திரி பரோட்டா வந்ததும் இணைப்பு நடந்துவிட வேண்டும்.

கைமாத்து வாங்கியவரிடம் பணம் கேட்டால், ‘என் அக்கவுண்ட்டில் 15 லட்சம் வந்ததும் தருகிறேன்’ என்கிறார். என்ன செய்வது?
— ஜவுளி வியாபாரி, ஈரோடு

வெளிநாட்டுக் கறுப்புப் பணத்தைக் கொண்டுவந்தால் ஒவ்வொருவருக்கும் 15 லட்சம் கிடைக்கும் அளவுக்கு இருக்கிறது என்று 2013-இல் நரேந்திர மோடி பேசியது, ‘போடுவேன்’ என்று சொன்னதாக ஊரில் நிலைத்துவிட்டது. 2015-இல் அமித் ஷா அதைத் தேர்தல் பேச்சு என்று சொல்லி முடித்துவைத்தார். உங்கள் ஆள் அதைச் சொல்கிறார் என்றால் பணம் வராது என்று கண்ணியமாகத் தெரிவிக்கிறார். அடுத்த முறை சீட்டில் எழுதி வாங்குங்கள்.

பெண்கள் கட்டணமில்லாமல் போகும் டவுன் பஸ்ஸை எங்கள் ஊரில் ‘விடியல்’ என்றே சொல்கிறோம். ‘விடியல் வந்துருச்சா?’ என்று கேட்டால் வெளியூர்க்காரர்கள் முழிக்கிறார்கள்.
— பூ வியாபாரி, நிலக்கோட்டை

முழிக்கட்டும் அம்மா, உங்களுக்கு பஸ் வந்தால் சரி.

2021 தேர்தலில், ‘ஸ்டாலின்தான் வாராரு, விடியல் தரப் போறாரு’ பாட்டு ஒலிக்காத தெரு கிடையாது. ஆட்சிக்கு வந்த வேகத்தில் போட்ட முதல் கையெழுத்துகளில் சாதாரண நகரப் பேருந்தில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் ஒன்று. பின்னால் அதற்கே ‘விடியல் பயணம்’ என்று பெயர் வைத்தார்கள். எதிர்க்கட்சி விடுமா? எடப்பாடி பழனிசாமி ‘விடியா அரசு’ என்று திருப்பினார். அப்போதிருந்து இந்தச் சொல் இரண்டு பக்கமும் கூரான கத்தி.

நீங்கள் கூடையோடு பஸ்ஸை எதிர்பார்த்துச் சொல்கிற விடியலில் கிண்டல் துளியும் இல்லை, மிச்சமாகிற காசு இருக்கிறது. அதே பஸ் ஸ்டாப்பில் கரண்ட் போனால், பெட்டிக்கடைக்காரர் ‘விடிஞ்சிரும்’ என்பார். அது வேறு. தோற்ற கோஷம்தான் தங்கும் என்று மேலே விருதுநகர் சாருக்குச் சொன்னேன். இது ஜெயித்தும் தங்கியிருக்கிறது என்றால், கோஷத்துக்குச் சக்கரம் வைத்ததுதான் காரணம்.

அந்தத் தேர்தலில் எதிர்ப்பக்கம் ஓடியது ‘வெற்றிநடை போடும் தமிழகமே’. டி.வி.யைத் திறந்தால் அதுதான். அந்த ஆட்சி போனபின், குடித்துவிட்டுத் தள்ளாடி வருகிறவரைப் பார்த்துப் பையன்கள் அதைப் பாடினார்கள். விளம்பரம் எழுதியவர் காதில் விழுந்திருக்காது என்று நினைக்கிறேன்.

நான் ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்த வேலைக்கு இன்னொருவர் பாராட்டு வாங்கினார். சக ஊழியர்கள் ‘ஸ்டிக்கர் ஒட்டிட்டார்’ என்றார்கள். இதுவும் தேர்தல் சொல்லா?
— தகவல் தொழில்நுட்ப ஊழியர், சென்னை

தேர்தலுக்கு முந்தின சொல். 2015 டிசம்பர் வெள்ளம். தன்னார்வலர்கள் கொண்டுவந்த நிவாரணப் பொட்டலத்தில் முதல்வர் படம் போட்ட ஸ்டிக்கரை ஒட்டினார்கள் என்று பெரிய சர்ச்சை. அடுத்த ஆண்டுத் தேர்தல் மேடைகளில் இது நன்றாக ஓடியது. தமிழில் அந்தக் குற்றத்துக்கு அதுவரை ஒற்றைச் சொல்லாக எதுவும் கைவசம் இல்லை. ‘அடுத்தவன் உழைப்பில் பேர் வாங்குகிறான்’ என்று நீட்டி முழக்க வேண்டியிருந்தது. இப்போது எல்லாக் கட்சிக்காரர்களும் ஒருவரை ஒருவர் இப்படித்தான் சொல்கிறார்கள். ‘எங்கள் திட்டத்துக்கு ஸ்டிக்கர்’ என்ற குற்றச்சாட்டு இல்லாத சட்டசபைக் கூட்டத்தொடர் இருக்கிறதா? உங்களுக்கு ஒரு யோசனை: வேலை முடிந்ததும் மின்னஞ்சலில் எல்லோருக்கும் நகல் போட்டு அனுப்புங்கள். பொட்டலம் கை மாறுவதற்கு முன்னால் உங்கள் ஸ்டிக்கர்.

‘சிஸ்டம் சரியில்லை’?
— கணினி பழுதுபார்ப்பவர், தஞ்சாவூர்

உங்களுக்கு அது பிழைப்பு. 2017-இல் ரஜினி சொன்னார். 2020 டிசம்பர் தொடக்கத்தில் ‘இப்போ இல்லேன்னா எப்பவும் இல்ல’ என்றார். மாதம் முடிவதற்குள் உடல்நிலையால் கட்சி தொடங்கவில்லை என்று அறிவித்தார். ஓட்டே கேட்காமல் இரண்டு சொலவடை கொடுத்த ஒரே ஆள்.

என் மகனுக்குப் பெண் பார்க்கிறோம். பெண்வீட்டார் பதில் சொல்லாமல் இழுக்கிறார்கள். தரகர், ‘பழம் பாலில் விழும், பொறுங்கள்’ என்கிறார். நம்பலாமா?
— குடும்பத்தலைவி, கும்பகோணம்

பழமொழி பழையது. 2016-இல் தே.மு.தி.க. கூட்டணிக்கு வருமா என்று நிருபர்கள் துளைத்தபோது கலைஞர் அதைக் கையில் எடுத்தார். பழம் கனிகிறது, பாலில் விழும் என்ற தோரணையில் சொன்னார். பழம் மக்கள் நலக் கூட்டணியில் விழுந்தது. 104 இடத்தில் நின்று ஒன்றிலும் ஜெயிக்கவில்லை. பாலும் கிண்ணத்தோடு எதிர்க்கட்சி வரிசையில்தான் உட்கார்ந்தது.

அதற்குப் பிறகு எங்கள் பக்கத்துத் தரகர்கள் இந்தப் பழமொழியைச் சொன்னால் இருபக்கத்தாரும் சிரித்துவிடுகிறார்கள். நீங்கள் ஒரு தேதி சொல்லி, அதற்குள் பதில் வேண்டும் என்று தரகரிடம் கேளுங்கள். வராவிட்டால், 2006-இல் விஜயகாந்த் சொன்ன மாதிரி தெய்வத்தோடும் மக்களோடும் கூட்டணி என்று அடுத்த ஜாதகத்தை எடுங்கள். அந்த முறை தனியாக நின்று விருத்தாசலத்தில் ஜெயித்தார், நினைவிருக்கட்டும்.

ஆறாம் வகுப்புத் தலைவர் தேர்தலில் என் மகள் தோற்றாள். எதிர் வேட்பாளர் எல்லோருக்கும் சாக்லெட் கொடுத்தானாம். ‘திருமங்கலம் ஃபார்முலா அப்பா’ என்கிறாள். எங்கே கற்றுக்கொண்டாள்?
— வாசகர், மதுரை

உங்கள் வீட்டு டி.வி.யில்தான், வேறெங்கே? உங்கள் ஊருக்குப் பக்கத்துத் தொகுதி. 2009 ஜனவரி இடைத்தேர்தல். ஓட்டுக்குப் பணம் என்ற புகார் அப்போது நாடு முழுக்கப் பேசப்பட்டு, ஊர் பெயரே ஒரு முறைக்குப் பெயராகிவிட்டது. திருமங்கலத்துக்காரர்களுக்கு இதில் உள்ள வருத்தம் எனக்குத் தெரியும்.

மற்ற வேடிக்கைகளைப் போல இதை என்னால் ரசிக்க முடியவில்லை. பிள்ளை சரியான பெயரைச் சொல்லியிருக்கிறாள், அதில் குற்றமில்லை. ஆனால் ‘அடுத்த தடவை நாமும் சாக்லெட் வாங்குவோம்’ என்று சொன்னாளா என்று கேட்டுப் பாருங்கள். சொல்லியிருந்தால் உட்காரவைத்துப் பேசுங்கள்.

இப்போதெல்லாம் சுவரில் எழுத ஆள் கூப்பிடுவதில்லையா? கட்சிக்காரர்கள் வைத்த கூலி பாக்கி உங்களுக்கும் உண்டா?
— பெயின்டர், பரமக்குடி

நம்ம தொழில்காரரா, வணக்கம். கூப்பிடுகிறார்கள், கிராமத்தில். ‘ஆல் சைடு ரிசர்வ்’ என்று கட்சிப் பெயர் போட்டு மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே சுவர் பிடிக்கிற வழக்கமும் இருக்கிறது. தேர்தல் தேதி அறிவித்த மறுநாள் ஆணையத்து ஆட்கள் வந்து வெள்ளையடித்து விடுவார்கள், அந்தச் சுண்ணாம்புக் கூலியும் பல இடத்தில் நம்ம ஆளுக்குத்தான். எழுதவும் காசு, அழிக்கவும் காசு. இப்போது வாசகம் சென்னையில் எங்கோ ஒரு கம்பெனியில் தயாராகி, போனில் வருகிறது. முன்பு அப்படியில்லை. ஒன்றியச் செயலாளர் டீ வாங்கிக் கொடுத்து, “ஏதாவது சுருக்குன்னு போடுப்பா” என்பார். நாம் போட்டது மறுநாள் மேடையில் பேச்சாக வரும்.

பாக்கி விஷயம் கேட்டிருந்தீர்கள். எனக்கும் உண்டு. ஒரு கட்சிக்காரர் ஜெயித்தால் தருகிறேன் என்றார், ஜெயித்தார். பிறகு, அடுத்த தேர்தலில் சேர்த்துத் தருகிறேன் என்றார். பெயர் வேண்டாம், மனிதர் இன்னும் நம் ஊர்க் கல்யாணங்களில் முன்வரிசையில் உட்காருகிறார்.

வரும் உள்ளாட்சித் தேர்தலில் வார்டு உறுப்பினருக்கு நிற்கப்போகிறேன். நல்ல கோஷம் ஒன்று எழுதித் தருவீர்களா?
— வாசகர், சாத்தூர் பக்கத்துக் கிராமம்

ஊராட்சி வார்டுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. பூட்டு சாவியோ ஏணியோ எது தருகிறார்களோ அதுதான். சின்னம் கைக்கு வந்தபின் எழுதுங்கள். அதற்கு முன்னால் கோஷம் போட்டால் சின்னத்தோடு எதுகை இடிக்கும். ஏணி வந்தால் ‘ஏற்றம்’ என்ற சொல் பக்கம் போகவே போகாதீர்கள், எதிராளி ‘இறக்கம்’ என்று எழுதிவிடுவான். உங்கள் வார்டில் எந்தத் தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை, எந்தக் கம்பத்தில் லைட் எரியவில்லை என்று ஒரு பட்டியல் அனுப்புங்கள், அதிலிருந்து நாலு சொல்லில் ஒன்று தேற்றித் தருகிறேன். கூலி முன்பணம். ஜெயித்தால் தருகிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.